மெஷின் மேலதான் தப்பு

மெஷின் கெட்டுப் போச்சா? நான் மெஷினப் பத்தி இன்னும் வாயே திறக்கலையே மேடம். உள்ள வந்தேன், பாப்பாவோட அம்மான்னு சொன்னேன், கோட்டுப் பையைக் கீழ வெச்சேன். அவ்வளவுதான். அதுக்குள்ள நீங்களா, அந்த மெஷின் சரியில்லம்மா, கண்டதையும் காட்டும், மனசுல வெச்சுக்காதீங்கன்னு ஆரம்பிச்சுட்டீங்க. யாரு கேட்டா உங்களை?

சரி, உட்கார்றேன். தண்ணியெல்லாம் வேணாம். மூணு மாடி ஏறி வந்தா யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். லிஃப்ட் இருக்கா? வாசல்ல இருக்கிறவர் சொல்லவே இல்லையே. என் பையை வேற நோண்டி நோண்டிப் பார்த்தாரு, உள்ள ஏதோ குண்டு வெச்சிருக்கிற மாதிரி.

குண்டெல்லாம் இல்ல, உங்க பிள்ளைங்க லேப்ல போடுற வெள்ளைக் கோட்டுதான். இந்த கிளாஸுக்கு நான்தான் தைக்கிறேன், தெரியும்ல? கைப்பக்கம் எலாஸ்டிக் வெச்சது என் பொண்ணு சொல்லித்தான். தொட்டியில கை விட்டா நனையுதுன்னா, வெச்சேன். இப்ப எல்லாருமா சேர்ந்து புதன்கிழமைக்குள்ள வேணும், புதன்கிழமைக்குள்ள வேணும்னு உயிரை எடுத்தாங்க. அப்படி என்னம்மா அவசரம்னு ஒரு பொண்ணைக் கேட்டேன். வியாழக்கிழமை பிராக்டிகல் பரீட்சை ஆன்ட்டி, அழுக்குக் கோட்டோட வந்தா மேடம் உள்ளயே விடமாட்டாங்கன்னு சொல்லிச்சு.

என் பொண்ணு எங்கிட்ட என்ன சொல்லியிருக்கா தெரியுமா? வியாழக்கிழமை கிளாஸ்ல எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ஆளுக்கு ஒருத்தரை வீட்லேர்ந்து கூட்டிட்டு வரணுமாம். சும்மா படுத்திருந்தா போதும்மா, ரெண்டு வயரை ஒட்டிப் படம் எடுப்பாங்க, நீயே வாம்மான்னு சொல்றா. அதே நாள்ல பரீட்சை எழுதுறவ ஆஸ்பத்திரியில எப்படி மேடம் இருப்பா?

இப்ப எதுக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறீங்க? சுத்தமாத்தானே இருக்கு.

நான் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கிறேன். என் வீட்டுக்காரரே அப்படித்தான் கூப்பிடுவாரு. தொழில் அப்படி. அளவு கொடுக்க வர்றவங்க எல்லாருமே மூச்சைப் பிடிச்சு வயித்தை உள்ள இழுத்துக்கிட்டுத்தான் நிப்பாங்க. டேப்பு என்ன காட்டினாலும் நான் ரெண்டு இஞ்ச் சேர்த்துத்தான் துணியை வெட்டுவேன். ஒருத்தர்கூட வந்து சண்டை போட்டதில்ல.

அந்தத் தொட்டியில இருக்கிறதுதான் அந்த மீனா? ஐஸ் போட்டா மெதுவா மூச்சு விடும், வெந்நி கலந்தா வேகமா விடும்னு பக்கத்துல உட்கார்ந்து எண்ணச் சொன்னீங்களாமே. பாவம், அது எந்த நேரத்துல வெந்நி வரும்னு பயந்துக்கிட்டே இருக்கும்போல. அதை எண்ணிட்டு வந்த நாள்லேர்ந்து என் பொண்ணு வீட்ல எதையும் எண்ணாம விடுறதில்ல. அவங்கப்பா குறட்டையை எண்ணுவா. பக்கத்து வீட்டு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு இரைக்கிறதை எண்ணுவா. அதெல்லாம் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

அப்புறம் நீங்க அந்த மெஷினைக் கொடுத்து அனுப்பிச்சீங்க. சோப்பு டப்பா மாதிரி இருக்குமே, ரெண்டு பக்கமும் கட்டைவிரலை வெச்சா ஃபோன்ல கோடு ஓடும். சின்ன உடம்புக்கு இதயம் வேகமா அடிக்கும், பெரிய உடம்புக்கு மெதுவா அடிக்கும், வீட்ல இருக்கிற உசுருங்களையெல்லாம் அளந்துட்டு வான்னு சொல்லியிருந்தீங்களாம். பூனை ஒரே பிறாண்டு. நாய் பரவாயில்ல, நெஞ்சுல முடியை ஈரமாக்கி வெச்சதும் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்துச்சு. என் வீட்டுக்காரர் போட்டோ பிடிக்கப்போற மாதிரி சட்டையெல்லாம் மாத்திட்டு வந்து உட்கார்ந்தாரு. கடைசியா நீ வாம்மான்னா.

வேணாம்டி, எனக்குக் கூச்சமா இருக்குன்னேன். விட்டாத்தானே. ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்து வெச்சுட்டா. அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிட்டிருந்த கோடு, என் விரல் பட்டதும் இஷ்டத்துக்குத் துள்ளுச்சு. ரெண்டு கிட்டக்கிட்ட, ஒண்ணு தள்ளி, அப்புறம் காணோம், அப்புறம் மூணு சேர்ந்து. அவ என் விரலைத் துடைச்சு விட்டு மறுபடியும் வெச்சா. அப்புறம் அவளே வெச்சுப் பார்த்தா. அவங்கப்பாவை வெச்சுப் பார்த்தா. வெளிய ஓடிப் போய் நாய்க்கு வெச்சுப் பார்த்துட்டு வந்து, திரும்ப எனக்கு வெச்சா.

நாய்க்குக்கூட ஒழுங்கா வந்துச்சு மேடம். எனக்குத்தான் வரல.

அதான் கேக்குறேன், கெட்டுப்போன மெஷின் நாய்க்கு மட்டும் எப்படிச் சரியா வேலை செய்யும்? சும்மா இருங்க, இருங்க, நான் முடிச்சுக்கிறேன். இந்த ரூம்ல நீங்க முதல் நாள் சொன்னது என்ன? மெஷினைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி உங்க கையைச் சந்தேகப்படுங்க. ஒத்துவராத கணக்கை அழிக்காதீங்க, அதை வேற ஆள் மேல வெச்சுச் சோதிச்சுப் பாருங்க. வீட்ல மிக்ஸி ஓடலைன்னாகூட அவ இதைத்தான் சொல்லுவா, எங்க மேடம் இப்படிச் சொல்வாங்க, எங்க மேடம் அப்படிச் சொல்வாங்கன்னு. அந்த மேடம், நான் கேக்குறதுக்கு முன்னாடியே மெஷின் மேல பழியைப் போடுறாங்கன்னா நான் என்ன நினைக்கிறது?

அன்னையிலேர்ந்து வீட்ல நடக்கிறது எதுவும் சரியில்ல. முன்னாடியெல்லாம் ரோட்டைக் கடக்கும்போதுகூட என் கையைப் பிடிக்க மாட்டா, யாராவது பார்த்துடுவாங்கன்னு. இப்ப டிவி பார்க்கும்போது பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டு கையைக் கோத்துக்கிறா. எனக்கு அப்படியே உள்ளம் குளிர்ந்து போச்சு. அப்புறம் பார்த்தா, கட்டைவிரலுக்குக் கீழ ரெண்டு விரலை அழுத்திக்கிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துட்டு இருக்கா! நான் வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டேன். கோவம்னு இல்ல. அந்தக் கை சும்மா பிடிச்சதா இருக்கக் கூடாதான்னு ஒரு ஏக்கம், அவ்வளவுதான்.

மாடியிலதான் என் தையல் ரூம். நான் படி ஏறினா இவ கீழ நின்னு பார்க்குறா. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு ஃபோன்ல குசுகுசுன்னு பேசுறா. நான் காதல்னே முடிவு கட்டிட்டேன். கதவுல காதை வெச்சுக் கேட்டா, சரி மேடம், சரி மேடம்னு கேக்குது. காதலிச்சிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்.

இப்ப நேரா சொல்லுங்க. உங்ககிட்ட வந்து, எங்கம்மா வந்து கேட்டா மெஷின் கெட்டுப் போச்சுன்னு சொல்லிடுங்கன்னு சொன்னது அவதானே?

பேப்பரை அடுக்காதீங்க மேடம். அது அடுக்கித்தான் இருக்கு.

ம். அப்படிச் சொல்லுங்க. நான் பயந்துடுவேன்னு சொன்னாளா? பாருங்க, என்னைப் பத்தி என்ன நினைச்சிருக்கா. ஃபோன்ல துள்ளின அந்தக் கோட்டை உங்ககிட்டயும் காட்டினாளா? நீங்க என்ன சொன்னீங்க? உடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போன்னு. சரி, உங்க மேல தப்பில்ல, நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கீங்க. பெரிய டாக்டர் பார்க்கிறதே வியாழக்கிழமை மட்டுந்தானா? அதனால? பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்னு உங்ககிட்டயே சொல்லிட்டாளா?

எனக்குத் தெரியும். எனக்கு இது தெரியும்னுதான் மூணு மாடி ஏறி வந்தேன். போன வருஷம் பரீட்சை சமயத்துல அவங்கப்பா காலை உடைச்சுக்கிட்டப்பவும் இதேதான். ஆஸ்பத்திரியில நான் இருக்கேன்டி, நீ போய் எழுதிட்டு வாடின்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். கட்டில் பக்கத்தை விட்டு நகரல. கூடப் படிச்சதெல்லாம் வேலைக்குப் போயிடுச்சு, இவ இன்னும் தன்னைவிடச் சின்னப் பிள்ளைங்களோட இதே மீனை எண்ணிட்டு இருக்கா. எண்ணுறதுல குறை சொல்லல. ஆனா இந்த வருஷமும் போனா அப்புறம் அவ வர மாட்டா மேடம். கடைக்கு வந்து பட்டன் தைக்கிறேம்மான்னு உட்கார்ந்துடுவா. எனக்கு அவளைத் தெரியும்.

அதனால நீங்க ஒண்ணு பண்ணணும். அதே பொய்யை அவகிட்டயும் சொல்லணும். மெஷினைத் திறந்து பார்த்தேன், உள்ள ஒரு வயர் விட்டுப் போயிருக்கு, சில பேரு விரலுக்குத்தான் சரியாக் காட்டலன்னு. நீங்க சொன்னா நம்புவா. மெஷினைக் குறை சொல்லாத மேடமே சொல்றாங்களேன்னு நம்புவா. வியாழக்கிழமை வந்து எழுதுவா.

மாட்டீங்களா? சொல்லிக் கொடுக்கிற எடத்துல நின்னுக்கிட்டு எப்படிப் பொய் சொல்றதா? இவ்வளவு நேரம் எங்கிட்ட என்ன மேடம் சொல்லிட்டு இருந்தீங்க, தேவாரமா?

என் உடம்பா? அதுக்கென்ன. அந்த மெஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம், தங்கமான மெஷின். இதயத்துல வால்வுதான் ஒண்ணு சரியா மூடலையாம், இரத்தம் திரும்பி வருதாம். போன வருஷமே மாடியில கத்திரிக்கோலோட மயங்கி விழுந்து, லைனிங் துணி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத் தனியாப் போய்க் காட்டிட்டேன். மாத்திரை ஒழுங்காப் போட்டுட்டுத்தான் இருக்கேன். டாக்டர்தான் இதுக்கு மேல தள்ளிப்போட வேணாம், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாரு. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும். வியாழக்கிழமை பரீட்சை, வெள்ளிக்கிழமை ஒரு நாள் அவ நல்லாத் தூங்கட்டும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்குப் பொய் சொல்ல வராது, அதனால பொண்ணு எதிர்ல பேசுறதையே நிறுத்திட்டாரு. நாங்க சண்டை போட்டிருக்கோம்னு நினைச்சு அவ ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போய்க்கிட்டு இருக்கா. பரீட்சை முடிஞ்சு வந்ததும் நானே உட்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிடுவேன். திட்டுவா. திட்டட்டும். எழுதிட்டு வந்து திட்டட்டும்.

பண்ணுவீங்களா? பண்ணுவீங்க. உங்க முகத்துலயே தெரியுது. ஆனா எங்கிட்ட சொன்ன மாதிரி சொன்னீங்கன்னா அவ அரை நிமிஷத்துல பிடிச்சுருவா, எனக்குத்தானே பொறந்தவ. அவசரப்படாதீங்க. அவளாக் கேக்குற வரைக்கும் நீங்க பேச்சை எடுக்கக் கூடாது. கேட்டா, கொஞ்சம் எரிச்சலாச் சொல்லுங்க, வாங்கிக் கொடுத்தவன் ஏமாத்திட்டான்கிற மாதிரி.

எங்க, என்னை என் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம். ம்... ம்ஹூம், இழுக்காதீங்க. வயர் விட்டுப் போச்சுன்னு டக்குனு சொல்லணும். எங்க, திரும்பச் சொல்லுங்க. ஐயோ மேடம், நீங்க இப்படி அழுதீங்கன்னா அவ கண்டுபிடிச்சுருவா.