துண்டுக்கு அடியில் இருந்த விரல்

என் முகத்தின் விலை எட்டணா. அது கேலரி டிக்கெட்டுக்கு, பெஞ்சு என்றால் ஒரு ரூபாய். இருபத்தாறாம் வருஷம் ரங்கூனில் ஒரு மாதம் முழுக்க அந்த விலைக்கு அது விற்றது, ஐயா. எனக்குத் தரகுகூட இல்லை.

என் பெயர் மீரா முகைதீன். பசுந்தாங் அரிசி மில்களில் நெல் தரகு. எங்கள் பேரத்தில் வாய் பேசாது. இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டு விழும். அடியில் விரலை அமுக்கினால் அதுதான் விலை. வெளியே தெரிவது முகம் மட்டும். அந்த முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. இருபது வருஷம் என் முகத்தை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அதை விற்றவன் போலந்து தேசத்து நடிகன். வெர்பிட்ஸ்கி என்று பெயர். எங்கள் கூலிகள் வாயில் அது 'வீரப்பெட்டி'. வார்சாவில் நாடகம், பெர்லினில் பயாஸ்கோப், அப்புறம் கப்பல் கப்பலாக ஊர்சுற்றல். கல்கத்தாவில் கம்பெனி கலைந்ததும் இங்கே வந்து இறங்கினான். என் நெல் கிட்டங்கி மாடியில் இடம் கொடுத்தேன். நான் பேரம் முடிப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பெருமையில் ஒருநாள் அவன் உள்ளங்கையில் நானே அமுக்கிக் காட்டிவிட்டேன்: விற்கிறவனுக்கு மூன்று விரல், வாங்குகிறவனுக்கு நான்கு. நடுவில் மிஞ்சி என் மடிக்கு வருகிற ஒரு விரல் தரகனின் சாமர்த்தியம். வாக்குமூலத்தில் நீங்கள் அதற்கு வேறு பெயர் வைத்து எழுதிக்கொள்ளலாம்.

அவன் அதை மேடையில் போட்டான். பாஷை வேண்டாத ஊமை நாடகம். என் தொப்பி, என் தாடி, என் துண்டு. அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் நான்கு. பிறகு துண்டை உருவி, விரல்களைச் சபைக்குக் காட்டி, தஸ்பீஹ் மணி உருட்டுகிற முகத்தோடு நிற்பான்.

மறுநாள் மில் வாசலில் நெல்காரர் செல்லையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"துண்டெல்லாம் வேண்டாம் மரைக்காயரே. வாயால சொல்லுங்க. உங்க வெரலு வழுக்குதாமே."

"கூத்தாடி காட்டினத நம்புறீங்களா?"

"அவன் காட்டினது உங்க மூஞ்சிய. அச்சா அப்படியே இருந்துச்சு."

அதற்குப் பிறகு ஒருவனும் எனக்குக் கை நீட்டவில்லை.

வெர்பிட்ஸ்கியிடம் போய்க் கேட்டேன். கட்டிக்கொண்டு அழுதான். "மீரா, இத்தனை தேசத்தில் நடித்ததில் இதுதான் என் நல்ல வேஷம். உனக்கு நன்றி" என்றான். மன்னிப்புக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். நன்றி சொல்கிறவனை என்ன செய்வது? சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு போட்டாதாங் துறையில் அவனை வைத்துப் படம் எடுத்தார்கள். ஆற்றில் குதித்து, மூழ்குகிறவன் போல் நடிக்க வேண்டும். துறைத் தூண்களுக்குப் பின்னால் சம்பான் படகு நிற்கும். நான் துண்டை வீசினால் வந்து தூக்கிக்கொள்ளும். சம்பான்காரன் நம் ஊர்க்காரன் என்பதால் அந்த வேலை எனக்கு. ஆற்றில் எப்போது வற்றம் தொடங்கி நீர் கடலுக்குத் திரும்பும் என்று படக்காரர் கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றேன். ஆறு அப்போதே கடல் பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்தது.

குதித்தான். கத்தினான். கரையில் கைதட்டினார்கள், எப்போதும் தத்ரூபமாகச் செய்கிறவன் அல்லவா. கேமரா சுற்றிக்கொண்டிருந்தது. துண்டு என் தோளில் கிடந்தது.

நான் அவனைத் தொடக்கூட இல்லை. அவன் கை நான்கு முறை மேலே வந்தது, அதன் பின் வரவில்லை. துண்டை நான் ஒரு முறையும் வீசவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எண்ணிக்கையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.