குடத்தில் வந்த மீன்கள்

அவையின் தலைமையை அழகுசெய்யும் சோணையம்மாள் அவர்களே! திராட்சைப் பந்தலில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் ஓடைப்பட்டித் தாய்மார்களே! பெரியோர்களே! நம் ஓடையை நம்மைவிட நன்கறிந்த மீன் ஆய்வாளர் எப்சிபா அவர்களே! இந்த லிங்கேஸ்வரன் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பனி படர்ந்த காலை. பளிங்கு போன்ற தண்ணீர். பாறைக்கடியில் பொற்கோடு ஒன்று நகர்கிறது. பார்த்தால் இருக்கிறது, இமைத்தால் இல்லை! அதுதான் நம் மஞ்சள்வரிக் கெண்டை.

அருகிவரும் உயிர் என்று அதை எப்படிப் பட்டியலில் ஏற்றுவார்கள்? அழுதால் ஏற்றுவார்களா? ஆர்ப்பரித்தால் ஏற்றுவார்களா? இல்லை! எத்தனை இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது, ஆண்டுக்காண்டு குறைகிறதா என்று எண்ணி எழுத வேண்டும். அறிஞர் குழு அதை அலசி முடிவு சொல்லும். பட்டியலில் ஏறினால்தான் ஓடைக்கு சிமெண்ட் பூசும் திட்டத்தை நிறுத்தச் சொல்ல நமக்கொரு பிடி கிடைக்கும்.

எப்சிபா ஓடையின் கீழ்மடுவில் எண்ணினார். முதலாண்டு நூற்றுப்பத்து. மறு ஆண்டு அறுபது. மூன்றாம் ஆண்டு அவர் வருவதற்கு முந்தைய நாள் நம் ஜக்கம்மா என்ன சொன்னார்?

"ஏப்பா, அம்புட்டுத் தொலவுலருந்து வர்றாக. ஓடை வெறிச்சோடிக் கெடந்தா ஊருக்குக் கேவலமில்லையா?"

விருந்தாளிக்குக் குறை காட்டாத ஊரல்லவா! மேல்மடு மீனையெல்லாம் குடம் குடமாக அள்ளிக் கீழ்மடுவில் விட்டோம். சிரிக்காதே விஜய்ராஜ், நீயும் தூக்கினாய்! முதல் குடம் என் தோளில்தான் இருந்தது.

மறுநாள் எண்ணினால் இருநூறு! எப்சிபாவின் முகம் மலர்ந்தது. பாவி நான், கைதட்டினேன்.

"குறைவதற்குச் சான்றில்லை" என்றது குழு. பட்டியலில் நம் மீன் ஏறவில்லை. மேல்மடு காலி. கீழ்மடுவிலோ, கோடையில் நீர் சுண்டியபோது மீன்கள் நெருக்கத்தில் திணறிச் செத்து மிதந்தன. போன மாதம் தேடினேன். பத்தொன்பதுதான் கண்ணில் பட்டன. தூங்கினால் அந்தப் பொற்கோடு என் கனவில் வந்து வந்து மறைகிறது, அய்யா!

எப்சிபாம்மா, இதை இன்றுதான் கேள்விப்படுகிறீர்கள். உங்கள் கண் பிசகவில்லை. எங்கள் கைதான் பிசகியது. அந்த ஆண்டுக் கணக்கை அடித்துவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன். என்ன ஆத்தா? "நானும் போடுறேன்" என்கிறீர்களா? வாருங்கள் ஜக்கம்மா, மேடைக்கே வாருங்கள்!

உறவுகளே! நாளைக் காலை மறுபடி எண்ணப்போகிறார். பத்து என்றால் பத்து. ஒன்று என்றால் ஒன்று. நம் ஓடையின் வறுமையை ஒளிக்காமல் காட்டுவோம். அந்த வறுமையைக் கண்டால்தான் காக்க வருவார்கள்.

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. எல்லோரும் ஓடைக்கு வாருங்கள். குடத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வணக்கம்!