எழும்பாத ஈ
ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், கண் முகாமிலிருந்து திரும்பிய கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எனக்கு ஈ எழும்பவே இல்ல,” என்றான் அவன்.

“இன்னாய்யா சொல்ற? டாக்டரு குடுத்த கண்ணாடிய மாட்டுனதும் அந்த ஈ படத்துலேர்ந்து எழும்பி நின்னுச்சே! நீயும் றெக்கையப் புடிச்சியே?”

“நீ காத்துல புடிச்ச. அதப் பாத்து நானும் புடிச்சேன்.”

“அப்புறம் புள்ளிப் படத்துல எந்த வட்டம் எழும்புதுன்னு கேட்டாங்களே?”

“அதுல காப்பியடிக்க முடியல. எனக்கு எல்லாமே வெறும் புள்ளி. எழுத்தெல்லாம் ரெண்டு கண்ணாலயும் நல்லாத்தான் படிச்சேன்.”

“அய்யய்யோ! கிட்ட தூரம் தெரியுதான்னு பாக்கத்தான அந்தப் படம்? அப்ப புளி உலுக்க மரம் ஏறுறியே, கிளை கிட்டவா தூரமான்னு எப்புடித் தெரியும்?”

“கால நீட்டித் துழாவுவேன். எல்லாரும் அப்படித்தான ஏறுறாங்க?”

இறங்கும்போது அவன் பஸ் படியைக் காலால் துழாவினான். அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள்போல் அவள் அந்தக் காலையே பார்த்தாள்.