அவுக டேசன்

சீனி முகம்மது: கிராமபோன் முள்ளை எடுத்துட்டேன் தங்கச்சி. மாஷா அல்லா… தாலாட்டுன்னா இது தாலாட்டு. கடையத் தொறந்து வச்சுக்கிட்டு எனக்கே கண்ணு சொருகிருச்சு. இந்தா, திருப்பிப் போடுறேன்.

பூமயில்: திருப்பாதீகண்ணே!

சீனி முகம்மது: ஏன், பின்பக்கம் பாட்டு இல்லையா?

பூமயில்: இருக்கு… இருக்கட்டும். ஒரு பக்கம் போதும்.

சீனி முகம்மது: தோசைய ஒரு பக்கம் மட்டும் சுட்டு எடுப்பாகளாக்கும்? உன்னோட மொதப் பிளேட்டு! பாம்பன்ல பொறந்த ஒரு பொம்பள குரலு பிளேட்டுல வந்திருக்கு. பார்சலப் பிரிச்ச கையோட உனக்கு ஆள் விட்டேன். பாதியில நிறுத்துன்னா எப்படி?

பூமயில்: அதுல நடுவுல என்னமோ எழுதியிருக்கே, என்னண்ணே?

சீனி முகம்மது: பேச்ச மாத்துறியா? “செல்வி பூமயில்”னு போட்டிருக்கான்.

பூமயில்: செல்வியா! எனக்குக் கல்யாணமாகி ஆறு வருசமாச்சே!

சீனி முகம்மது: நீ பாடப் போனப்ப உன் புருசன் கூட வந்திருந்தா கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

பூமயில்: எங்க வந்தாக? “தோணியில சரக்கு ஏத்தணும். உங்க அண்ணன் வீரபத்திரனக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிட்டு வா”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாக.

சீனி முகம்மது: சரி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கு பாப்போம்… “ரயில் பாட்டு”. அட, நம்ம ரயில் பாட்டு! சாயங்காலம் நம்ம தெரு சாலிஹாவுக்கு நிக்காஹ். கல்யாணக் கொட்டகையில பாட்டுக் குழாய் கட்டியாச்சு. பொண்ணு வீட்டுல இந்தப் பாட்டத்தான் கேட்டிருக்காக.

பூமயில்: குழாய்லயா? ஊரு பூராவுக்கும் கேக்குமே! வேண்டாண்ணே… உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

சீனி முகம்மது: ஏன் இப்படிப் பதறுறே? நம்ம சனத்துக்குத் தெரியாத பாட்டா? மண்டபம் வரும், பாம்பன் வரும், கடைசி டேசன் வரும். கடைசி டேசன் பேரும் தனுஷ்கோடி, உன் வீட்டுக்காரன் பேரும் தனுஷ்கோடி. புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு நீ அந்த எடத்துல “அவுக டேசன்”னு இழுப்பே. பொம்பளைக விழுந்து விழுந்து சிரிப்பாக. அந்தச் சிரிப்புக்குத்தானே பாட்டே!

பூமயில்: பிளேட்டுல “அவுக” இல்லண்ணே.

சீனி முகம்மது: பின்ன?

பூமயில்: கம்பெனிக்காரரு பாட்ட நிறுத்திட்டு, “ஏம்மா, அவுகன்னு ஒரு டேசன் எந்த லைன்ல இருக்கு?”ன்னு கேட்டாரு. எங்க அண்ணன் வெளக்கிச் சொன்னான். சிரிச்சாரு. ஆனா, “பாம்பன்காரனுக்குப் புரியும், சேலத்துக்காரனுக்குப் புரியுமா? ஒழுங்கா டேசன் பேரச் சொல்லு, இல்லைன்னா ஊருக்குக் கெளம்பு. பிளேட்டுக்கு ரெண்டு பக்கமும் பாட்டு வேணும்”னுட்டாரு.

சீனி முகம்மது: அதுக்கு நீ…?

பூமயில்: அம்புட்டுத் தூரம் போயாச்சே, நான் என்னண்ணே பண்ணுவேன்?

சீனி முகம்மது: சொல்லிட்டியா? தனுஷ்கோடின்னு?

பூமயில்: மெதுவாப் பேசுங்க! கண்ண இறுக்கி மூடிக்கிட்டுப் பாடிட்டேன்.

சீனி முகம்மது: அல்லாவே! அடி சக்கை!

பூமயில்: சிரிக்காதீகண்ணே. நான் அங்கன பேரச் சொன்ன அன்னைக்குத்தான் இங்கன அவுக தோணியில இருந்து விழுந்து காலு பிசகியிருக்கு. ஊருக்கு வந்து பாக்குறேன், யானைக்காலு கணக்கா வீங்கிப்போயி கட்டுப் போட்டு உக்காந்திருக்காக. பேரச் சொன்னா புருசன் ஆயுசுக்கு ஆகாதுன்னு எங்க அத்தை தலப்பாடா அடிச்சுக்கிட்டாக. நான் கேக்கலையே!

சீனி முகம்மது: ஏ… வழுக்குற தோணிப் பலகையில எவன் நடந்தாலும் விழுவான்.

பூமயில்: ஏழு வயசுல இருந்து அந்தப் பலகையில நடக்குறவுக அன்னைக்குன்னு பாத்து எதுக்கு விழணும்? அடுத்த பிளேட்டுக்கு வரச் சொல்லிக் கம்பெனியில கேட்டிருக்காக. வரலைன்னு சொல்லிரச் சொல்லி அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்.

சீனி முகம்மது: உனக்கு ஆசை இல்லையா தங்கச்சி?

பூமயில்: ஆசையா… அந்த மைக்கு முன்னால நின்னப்ப, நம்ம குரலுக்கு இம்புட்டு எடமிருக்கான்னு இருந்துச்சுண்ணே. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல, அம்புட்டுச் சந்தோசம். ஆனா அவுக காலவிடப் பாட்டு பெருசா? போதும். இது ஒண்ணோட நிக்கட்டும்.

சீனி முகம்மது: வாயை மூடு, வாயை மூடு… கம்ப ஊண்டிக்கிட்டு யாரு வாரான்னு பாரு.

தனுஷ்கோடி: என்ன மச்சான், பிளேட்டு வந்துருச்சாமே? கடைத்தெரு பூரா அதே பேச்சு. ஏ புள்ள, நீ இங்கனதான் இருக்கியா?

பூமயில்: அந்தக் காலோட எதுக்கு நடந்து வந்தீக?

தனுஷ்கோடி: பொண்டாட்டி பிளேட்டுல பாடியிருக்கா, வீட்டுல படுத்துக் கெடக்கச் சொல்றியா? தாலாட்டு காதுல விழுந்துச்சு. நல்லாத்தான் பாடியிருக்க… செல்வி பூமயில்.

பூமயில்: அதுக்குள்ள அதைப் படிச்சுட்டீகளா!

சீனி முகம்மது: சரியான நேரத்துக்கு வந்தே மாப்புள. உக்காரு. அடுத்த பக்கம் ரயில் பாட்டு.

தனுஷ்கோடி: ரயில் பாட்டா? அது… அது எதுக்கு மச்சான்? வேண்டாம்.

சீனி முகம்மது: ஏலே, நீயுமா!

பூமயில்: நீங்க ஏன் வேண்டாங்கிறீக?

தனுஷ்கோடி: நீ ஏன் வேண்டாங்கிறே?

பூமயில்: நான்… முள்ளு தேஞ்சு போகுமேன்னு.

தனுஷ்கோடி: நானும் முள்ளுக்காகத்தான் பாத்தேன்.

சீனி முகம்மது: முள்ளு என்னோடது! டப்பா நெறைய வச்சிருக்கேன், புருசனும் பொஞ்சாதியும் ஒண்ணும் அழுக வேண்டாம். சாயங்காலம் குழாய்ல போட வேண்டிய பிளேட்டு. நான் கேட்டுப் பாக்காமப் போட மாட்டேன். தள்ளு தங்கச்சி… சாவி குடுத்தாச்சு.

பூமயில்: அண்ணே… அண்ணே…

பிளேட்டு: மண்டபம் தாண்டி வருது ரயிலு – தடதடன்னு
மச்சு வீடு போல வருது ரயிலு
பாம்பன் பாலம் ஏறுது ரயிலு – கீழ
பச்சத் தண்ணி பாத்து நடுங்குது ரயிலு…

சீனி முகம்மது: ஆகா! சக்கரச் சத்தம் கேக்குதே குரல்ல!

பிளேட்டு: ராமேசுரம் போறவுக எறங்கிக்கிடுங்க – நான்
எறங்குற எடம் இன்னும் இருக்குது பாருங்க
ரெண்டு பக்கம் கடலு, நடுவுல தண்டவாளம் – நான்
தேடி வந்த டேசனு… தனுஷ்கோடீ!

சீனி முகம்மது: சொல்லிட்டா மாப்புள! ஊரறிய, உலகறியச் சொல்லிட்டா!

பூமயில்: இங்கேருங்க… கோவிச்சுக்கிடாதீக. வேற வழியில்லாமப் போச்சு. அன்னைக்கு நான் பேரச் சொல்லித்தான் நீங்க விழுந்தீக. எனக்குத் தெரியும். இனிமே பாட மாட்டேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்.

தனுஷ்கோடி: அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள… மச்சான், பிளேட்ட எடுத்து உறையில போடு. வெயிலு படுது.

சீனி முகம்மது: இரு, இரு. பாட்டு முடிஞ்சப்புறம் என்னமோ ஒரு சத்தம். கீறலா இருந்தா மாத்தித் தரச் சொல்லணும். கடைசிய மட்டும் திரும்ப வைக்கிறேன்.

பிளேட்டு: …தேடி வந்த டேசனு… தனுஷ்கோடீ! … என்னா? … தொம்!

சீனி முகம்மது: கீறல் இல்ல. தவிலா இது?

பூமயில்: தவிலே கெடையாதுண்ணே, ஆர்மோனியம் மட்டுந்தான். பாட்டெடுத்த லாட்ஜு ரூம்ல சன்னலுக்கு மெத்தைய முட்டுக் குடுத்து வச்சுட்டு, அதை ஒட்டித்தான் மைக்க வச்சிருந்தாக. நான் பாடி முடிக்கவும் வெளிய ஏதோ மூட்டை விழுந்துச்சு. “மறுபடி பாடவா”ன்னு கேட்டேன். “வேண்டாம்மா, நல்ல முத்தாய்ப்பா அமைஞ்சிருக்கு, விட்டுருவோம்”னாரு.

சீனி முகம்மது: ஏன் தங்கச்சி, மூட்டை எங்கயாச்சும் “என்னா”ன்னு கேக்குமா?

பூமயில்: இன்னொருக்க போடுங்க.

தனுஷ்கோடி: அட, முள்ளு தேஞ்சுரும்னு…

பூமயில்: போடுங்கண்ணே!

பிளேட்டு: …தனுஷ்கோடீ! … என்னா? … தொம்!

பூமயில்: இங்கேருங்க… தலையக் குனியாதீக. என்னைய நிமிந்து பாருங்க.

தனுஷ்கோடி: எங்க ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிராத புள்ள.

பூமயில்: மதுரைக்கு வந்தீகளா?

தனுஷ்கோடி: நீ ஏறுன அதே ரயில்லதான். கடைசிப் பொட்டியில.

பூமயில்: சரக்கு ஏத்தணும்னு சொன்னீக!

தனுஷ்கோடி: பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டுப் போறான்னு தோணிக்காரப் பயலுக சிரிப்பாய்ங்கன்னுதான்… ஆனா இங்கன இருப்புக் கொள்ளல. அந்தச் சன்னலு வேற ஒசரம். மண்ணெண்ணெய் டின்னு ஒண்ணு கெடந்துச்சு. கவுத்துப் போட்டு ஏறி நின்னுதான் தாலாட்டு பூராவும் கேட்டேன்.

சீனி முகம்மது: ஏலே, அப்ப தோணிப் பலகை?

தனுஷ்கோடி: அதுமேல பழி போட்டா அது திருப்பிப் பேசவா போகுது? ஜட்கா வண்டிக்காரன் ஒருத்தன் டேசன்ல கொண்டுவந்து போட்டான். ரயிலப் புடிச்சு, இவ வர்றதுக்கு முன்னால வந்து கட்டுப் போட்டுக்கிட்டேன்.

பூமயில்: அப்ப நான் நெனச்சது சரிதான்! பேரச் சொன்னதாலதானே விழுந்தீக? அத்தை சொன்னது அப்படியே பலிச்சுருச்சு!

தனுஷ்கோடி: பேரச் சொன்னதால இல்ல புள்ள. ஆறு வருசமா “ஏங்க”, “இங்கேருங்க”ன்னே கேட்ட காது… நீ மொதமொதப் பேரச் சொல்லிக் கூப்பிடுறே. “என்னா”ன்னுக்கிட்டே உன்கிட்ட வர ஒரு எட்டு எடுத்து வச்சேன். டின்னு மேல நிக்கிறது எனக்கு எங்க ஞாபகம்? அடுத்த பிளேட்டுல கூப்பிடுறதா இருந்தா, என்னையத் தரையில நிக்கவச்சுட்டுக் கூப்பிடு.