உருளை ஓடாத மூலை

பயறு குட்டையான செடி ஐயா. அடிக்காய் தரையைத் தொட்டுக்கொண்டுதான் தொங்கும். அறுக்கிற மெஷினின் முன்பக்கம், கத்தி வரிசை இருக்கிற இடத்தை, நாங்கள் வாய் என்போம். அந்த வாயைத் தரைக்கு நாலு விரல் மேலே நிறுத்தி ஓட்ட வேண்டும். கொஞ்சம் காய் வயலிலேயே நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டும். அதற்கும் ஆசைப்பட்டு வாயை இறக்கினால் மண்ணை அள்ளும், பயறு முழுக்க அழுக்காகும். இவ்வளவுதான் சங்கதி. இதுகூட மண்டையில் ஏறாதவர் என் தங்கை புருஷன்.

மெஷின் அவருடையது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுவார். நான் பின்னால் சாக்குப் பிடிப்பேன், சலிப்பேன். மூத்தவன் என்ற மரியாதை கிடையாது. நீ, வா, போதான்.

"மண்ணும் எடைதான் மச்சான். சலிக்கத்தான் நீ இருக்கியே" என்று பல்லைக் காட்டுவார். அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அன்று மத்தியானம் கிழக்கு மூலையில் மெஷின் மண்கட்டிகளை வாரிக்கொண்டு திணறி நின்றது. அவர் வாயை உயரத் தூக்கி வைத்தார். இன்ஜினை நிறுத்தாமலே இறங்கினார்.

"வெதச்சதும் உருளை ஓட்டி கட்டிய அமுக்கச் சொன்னேன்ல? ஓட்டுனியா?"

"ஓட்டுனேன்."

"கிழிச்ச. தள்ளு, நானே நோண்டுறேன். நீ நோண்டுனா விடிஞ்சிரும்."

தூக்கிய வாய் இறங்காமலிருக்க ஓர் இரும்பு முட்டு உண்டு. அதைப் போடாமல் யாரும் கீழே போகக் கூடாது. போடுவது என் வேலை.

அவர் மல்லாந்து உள்ளே நகர்ந்தார். "முட்டு போட்டாச்சா மச்சான்?"

"போட்டாச்சு மாப்பிள்ளை."

போடவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்காதவரை என்னவென்று சொல்வது? நான் ஏறி அவர் இருக்கையில் உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது.

கீழேயிருந்து பேசிக்கொண்டே நோண்டினார். "அண்ணன வேலைய விட்டு நிறுத்திடுங்கன்னு ஒன் தங்கச்சியே சொல்றா தெரியுமா? நான்தான், எங்க போவாரு, கெடக்கட்டும்னு வச்சிருக்கேன்."

எனக்குச் சோறு போடுவதாக நினைப்பு.

வாயை இறக்குகிற நெம்புகோலைக் கீழே தள்ளினேன். கோபமெல்லாம் இல்லை. சாக்கு மூட்டையை இறக்கி வைப்பதுபோலத்தான். சத்தம் ஒரு தடவைதான் வந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு, தொட்டியில் விழுந்திருந்த பயறை ஒரு கை அள்ளிப் பார்த்தேன். பாதி மண்.

கை தவறிவிட்டது என்று தங்கையிடம் சொன்னேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. தெரிந்துதான் தள்ளினேன்.

கிழக்கு மூலையில் நான் உருளை ஓட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறக்கவில்லை, அவர் சொல்லி நான் ஓட்டுவதா என்றுதான் விட்டேன். அதனால் என்ன? வேலை தெரிந்தவன் வாயைத் தூக்கி ஓட்டியிருப்பான். பயறில் மண் கலந்தது அவரால்தான் ஐயா. என் வேலையில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.