தொரசானி கேட்ட ஒரு கேள்வி

...அத்த ஏன் கேக்கறே யக்கா, சம்மந்தியம்மாவ பக்கத்துல வச்சிகினு ஒரு டாக்டரு கேக்கற கேள்வியா அது? கொஞ்சம் நவுந்து குந்து, வெயில் மூஞ்சில அடிக்குது. பட்டாபிராமுக்கு யுத்த சாமான் ஏத்திகினு போற ரயில உட்டப்புறந்தான் நம்ம வண்டிய எடுப்பான். அதுவரைக்கும் சொல்றேன் கேளு.

எம் பொண்ணு அங்கம்மாவ காட்டத்தான் பட்ணத்து ஆஸ்பத்திரிக்கு போனேன். மாசா மாசம் ஊட்டுக்கு தூரமானா வயித்த புடிச்சிகினு தரையில உருளுது. கட்டிக்குடுத்து நாலு வருசமாச்சு, ஒண்ணும் தங்கல. இங்கியும் கைய விரிச்சா புள்ளைக்கு வேற பொண்ணு பாக்கறேன்னு சம்மந்தியம்மா சொல்லிகினே வந்தா.

அங்க இருந்த வெள்ளக்கார டாக்டரு தொரசானி அமுக்கி பாத்துச்சு. கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சதை வெளிய எங்கியோ வளருதோன்னு அதுக்கு சந்தேகமாம். "இது குடும்பத்துல வரும். உங்கம்மாவுக்கு இருந்துச்சா? உனக்கு?"ன்னு என்ன பாத்து கேட்டுச்சு.

இருந்துச்சாவா? எங்கம்மா மாட்டுக்கொட்டா ஓரம் ஒதுங்கி குந்தற மூணு நாளும் முனகிகினே கெடப்பா. எந்தங்கச்சி சொர்ணம் வலி தாங்காம கடிச்சி கடிச்சே ஒரு பல்லு ஒடச்சிகினா. நானு... சுட்ட செங்கல்ல துணில சுத்தி வயித்துல வச்சிகினு கெடப்பேன். எல்லாம் சூடுன்னு வெந்தயத்த முழுங்கிட்டு நாத்து நட பூடுவோம்.

ஆனா அங்கம்மாவ பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இந்த வாயி சும்மா இருந்துச்சா? எங்கூட்டு பொம்பளைங்களுக்கு தலவலி கூட வராதுன்னு பீத்திகினேன். இப்ப சம்மந்தியம்மா எதுர்ல மாத்தி சொல்ல முடியுமா? "எங்க வம்சத்துலயே கெடயாதுங்க"ன்னுட்டேன். கள்ளிக்குப்பத்துல யாரூட்டு கோழி எங்க முட்ட உட்டுச்சுன்னு கேக்காமயே சொல்ற வாயி யக்கா இது. கேட்ட எடத்துல பூட்டிகிச்சு.

அப்ப வெறும் சூட்டு வலிதான்னு தொரசானி பொடிய குடுத்து அனுப்பிட்டுச்சு. "அப்ப இத்தினி நாளும் நடிச்சியா? உங்கம்மாவோடவே போ"ன்னு சம்மந்தியம்மா அங்கியே உட்டுட்டு பூட்டா. எம் பொண்ணு என்ன பாத்தா, அவ்ளோதான். பத்து வயசுலேர்ந்து எனக்கு அந்த செங்கல்ல சுட்டு குடுத்தவளே அவதான்.

இன்னா, எழுந்துட்டே? வில்லிவாக்கம் வந்துடுச்சா? சரி, எறங்கு. நீ காது குடுத்தே, புண்ணியம். ஆனா உனக்கோசரமா இம்மாம் சத்தமா பேசினேன்? அதோ, கடைசி சன்னலாண்ட முதுக காட்டிகினு குந்திகினு கீறாளே எம் பொண்ணு, அவ காதுல உழட்டும்னுதான். அவ மூஞ்ச பாத்து சொல்ல எனக்கு வாயி வரல யக்கா.

இன்னும் திரும்பல.