பீரோவிலிருந்து விழுந்தவன்

ராத்திரி ஒன்றரை மணி. கரிவலம் ரோடு. ஈ காக்கை கிடையாது... டூரிங் டாக்கீஸில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, சங்கரன்கோவிலுக்குத் தனியாகச் சைக்கிள் மிதித்து வருகிறார் ஓர் அண்ணாச்சி.

கரண்டு போன தறிக்கூடத்தில், அரிக்கேன் விளக்கைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களிடம் செல்லப்பா இப்படித்தான் ஆரம்பித்தான். அவனோடு படித்தவனுக்குப் பெரியப்பா முறையாம். எழுபத்தாறில் நடந்ததாம்.

"பேரைச் சொல்லும் வே" என்றான் மூக்காண்டி.

"அதுக்குத்தான் வாரேன்."

அண்ணாச்சி முனிசிபாலிட்டி ஆபீசில் பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தா. நடையைப் பார்த்தால் சினிமாவையே அவர்தான் பெற்றுப் போட்டார் என்று தோன்றும். பழைய துப்பறியும் படங்களில் டைட்டிலில் பேர் வராத ஆட்களை அடையாளம் சொல்வதில் புலி. இரண்டு நொடி வந்து கதவைத் திறந்துவிடும் கூர்க்கா, சீட்டாட்ட மேஜையில் முதுகு மட்டும் தெரிகிறவன்... எல்லாருக்கும் பேரும் ஊரும் சொல்வார். டீக்கடையே வாயைப் பிளக்கும். ரசிகர் மன்றத்தார் 'சினிமாக் களஞ்சியம்' பட்டமும் சால்வையும் வெள்ளிக்கிழமை கொடுப்பதாக நோட்டீஸே அடித்துவிட்டார்கள்.

சங்கதி என்னவென்றால், பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வராது. அதனால் ஆபீஸ் இறப்புப் பதிவேட்டிலிருந்து ஒரு பேரை எடுத்து ஒட்டிவிடுவார். செத்தவன் எழுந்து வந்து, நான் இல்லை என்று சொல்லப் போகிறானா?

அன்றைய படத்தில், கதாநாயகன் பீரோவைத் திறந்ததும் ஒரு பிணம் சரிந்து விழுந்தது. "நம்ம சிவகிரி சண்முகையா" என்றார் அண்ணாச்சி, சத்தமாக. பெஞ்சு பூரா திரும்பிப் பார்த்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

இப்போது ரோட்டில்... சைக்கிள் கனத்தது. செயின் கடக்... கடக்... பின்னாலிருந்து பவுடர் வாசனை. வேர்வையில் ஊறிய பழைய பவுடர். அதோடு அந்துருண்டை நெடி.

திரும்பினார். கேரியரில் ஒருத்தன். தலை ஒரு பக்கம் சரிந்து, விழப்போகிறவன் மாதிரியே உட்கார்ந்திருந்தான்.

"சண்முகையா நான் இல்ல அண்ணாச்சி. அவன் வயக்காட்டுல பாம்பு கடிச்சுச் செத்தவன். சினிமாக் கொட்டகைப் பக்கமே போனதில்லையாம். வருத்தப்படுதான்."

அண்ணாச்சி பெடலை ஓங்கி மிதித்தார்.

"பதினேழு படத்துல விழுந்திருக்கேன். ஒண்ணுல கூடப் பேரு போடல. நான் யாருன்னு நீரே சொல்லும். தெரியலன்னா தெரியாதுன்னு சொல்லும்... இறங்கிப் போயிருதேன்."

ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமைச் சால்வை கண்முன் ஆடியது. களஞ்சியம் ஒரு பேயிடம் தோற்கலாமா? பதிவேட்டை மனசுக்குள் புரட்டினார். பயத்தில் பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. ஒரே ஒரு பேர்தான் வந்தது. அவருடைய சொந்தப் பேர். அதைச் சொன்னார்.

பின்னால் இருந்தவன் அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.

"நல்ல பேரு. எனக்கு இது போதும்."

தொப்... சைக்கிள் லேசானது.

வெள்ளிக்கிழமை மேடையில் மன்றத் தலைவர் மைக்கைப் பிடித்து, நம் அன்பிற்குரிய என்று இழுத்தார்... நின்றார். நோட்டீஸைப் பார்த்தார். பேர் இருந்த இடத்தில் மை இல்லை. சால்வையைக் காலி நாற்காலியில் போட்டுவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார்கள். அந்த நாற்காலியில்தான் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"இப்பவாவது பேரைச் சொல்லும் வே." மூக்காண்டியின் குரல் இறங்கியிருந்தது.

செல்லப்பா திரியைத் தணித்தான்.

அதை அவர் பெண்டாட்டி பேச்சித்தாயிடமே கேட்டார்களாம். ரேஷன் கார்டுக்கு எழுத வந்த ஆள்தான் கேட்டான், புருசன் பேர் என்ன என்று. புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்று இருபது வருசமாக வாய் திறக்காதவள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்திருக்கிறான். அவள் வாயைத் திறந்தாள்... மூடினாள்... மறுபடி திறந்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, பேர் வரவில்லை.

அவன் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்தான். வாசல் வரை போனவன் திரும்பி, "நான் வரும்போது கதவத் தொறந்துவிட்டாரே... அவரு யாரு?" என்றான்.

பேச்சித்தாய் வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.